திருகோணமலையும் கச்சானும்

கச்சான் என்னும் சொல்லைத் திருகோணமலை மக்கள் இரு பொருளில் வழங்குகின்றனர். வைகாசி தொடங்கி ஆவணி முடியும் வரை மேற்றிசையிலிருந்து வீசுகின்ற வெப்பமும் வறட்சியும் மிக்க காற்று ஒரு கச்சான். கோயில் விழாக் காலத்திலே வீதியோரத்தில் சுடுமணலில் இட்டு வறுத்து, கடதாசிச் சரையிலே அளந்து கொடுக்கப்படும் நிலக்கடலை மற்றொரு கச்சான். முன்னது உடம்பை வாட்டும், பின்னது உடம்பை வளர்க்கும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம் போலத் தோன்றும். செய்தி அவ்வளவு எளிதன்று.

காற்றின் பெயர் கீழ்க்கரை மீனவரின் வாய்மொழியிலே ஊறியது. கடலையின் பெயரோ கடல் கடந்து வந்தது போலும். மலாய் மொழியிலே பயற்றினங்களுக்கெல்லாம் காச்சாங் என்பது பொதுப்பெயர். பாசிப்பயற்றைக் காச்சாங் ஈஜோ என்பர். நிலக்கடலையைக் காச்சாங் தானா என்பர். ஈஜோ என்றால் பச்சை. தானா என்றால் மண். ஒல்லாந்தர் தம் ஆட்சிக் காலத்திலே ஜாவா முதலிய தீவுகளிலிருந்து போர்வீரர்களை இலங்கைக்குக் கொணர்ந்தனர். அவர்களின் வழிவந்தோர் ஆங்கிலேயர் காலத்திலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில், இலங்கை றைபிள் படையிலே பணிபுரிந்தனர். சொல்லும் அவர்களோடு வந்தது என்று கொள்வது பொருத்தமே.

தமிழ்நாட்டிலே இதே கடலைக்கு மணிலாக்கொட்டை என்று ஒரு பெயர் உண்டு. பிலிப்பைன் தீவுகளின் மணிலாத் துறைமுகத்தை அது நினைவூட்டுகிறது. அப்பெயரே வடபகுதி மக்களின் நாவிலே தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. சிங்கள மக்கள் இதனை ரட்டகஜு என்பர். பிறநாட்டு முந்திரி என்பது அதன் பொருள். ஒரே விதைக்கு இத்தனை பெயர்கள். அத்தனையும் அது இம்மண்ணுக்கு உரியதன்று என்பதையே சொல்கின்றன. அதன் தாயகம் தென்னமெரிக்கா. இன்றைய பொலிவியாவும் ஆர்ஜென்றினாவின் வடபகுதியும் சேர்ந்த நிலப்பரப்பிலிருந்து புறப்பட்டு, போர்த்துக்கேயரும் இசுப்பானியரும் கடலோடிய காலத்திலே உலகெங்கும் பரவியது. நம் சங்கப் புலவர்களும் சோழ மன்னர்களும் கடலையைச் சுவைத்திருப்பர்; ஆனால் அது கொண்டைக்கடலையாகவே இருந்திருக்கும்.

மலாய்க்காரர் வைத்த பெயரிலே ஒரு நுட்பம் இருக்கிறது. ஆங்கிலேயர் இதனைக் கொட்டை என்றனர். நாமும் மணிலாக்கொட்டை என்றோம். இது கொட்டையன்று. அவரை, துவரை, உளுந்து ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மண்ணுக்கு மேலே மஞ்சள் நிறமாய்ப் பூத்து, கருவுற்ற பின்னர்ப் பூவின் அடியிலிருந்து ஊசி போன்ற ஒரு காம்பை நிலத்துள்ளே செலுத்தி, அங்கேதான் காயை முற்ற வைக்கும். மண்ணிலே விளையும் பயறு என்ற மலாய்ப் பெயர் தாவர நூலாரும் ஒப்பும் பெயர். இந்தப் பெயரையும் மண்ணையும் நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். கடலையின் நன்மை ஒன்றிலிருந்தும், தீமை மற்றொன்றிலிருந்தும் தொடங்குகின்றன.

இனித் துறைமுகத்துக்கு வருவோம். 1795ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே ஆங்கிலேயர் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். எத்தனை பெரிய கப்பற்படையும் புயலுக்கு அஞ்சாது ஒதுங்கி நிற்கத்தக்க இயற்கைத் துறைமுகம் அது. வங்கக் கடலை ஆள விரும்பிய ஐரோப்பியர் ஒவ்வொருவரும் அதற்காகவே இரத்தம் சிந்தினர். ஆனால் கைப்பற்றியவர்களுக்கு அந்த இடம் நலம் தரவில்லை. பீரங்கியால் மாண்டவர்களோடு நோயால் மாண்டவர்களும் அங்கே திரள் திரளாகப் புதைக்கப்பட்டனர். காய்ச்சலும் வயிற்றுளைவும் எங்கும் உள்ளவை. அவற்றோடு ஐரோப்பிய வைத்தியர்கள் தம் நாட்டிலே கண்டிராத வேறொரு நோயும் அங்கே இருந்தது.

முதலில் கால்கள் கனக்கும், பின் மரத்துப்போகும். நடக்க முயன்றால் முழங்கால் மடியும். சிலருக்கு உடல் வற்றித் தசை கரையும். சிலருக்கோ கால், வயிறு, முகம் ஆகியவை நீர் கோத்து வீங்கும், மூச்சுத் திணறும், நெஞ்சு படபடக்கும், நேற்றுப் பேசிக்கொண்டிருந்தவன் இன்று பிணமாவான். இந்நோய்க்குப் பெரிபெரி என்று பெயர். இயலாது என்று பொருள்படும் சிங்களச் சொல்லை இரட்டித்ததால் வந்த பெயர் என்று கூறுவது வழக்கம். ஜாவாவின் பத்தாவியா நகரிலே வைத்தியராயிருந்து 1631இல் காலமான ஒல்லாந்தர் யாக்கோபுஸ் பொந்தியுஸ், நோயாளி செம்மறி ஆடு போலத் தள்ளாடி நடப்பதால் இப்பெயர் வந்தது என்று எழுதினார். பெயர்க்காரணம் எதுவாயினும் ஆகுக. இயலாமை என்பதே நோயின் முழு வரலாறும்.

1797ஆம் ஆண்டிலே தோமஸ் கிறிஸ்டி என்னும் இளம் வைத்தியர் திருகோணமலைப் படைக்கு வந்து சேர்ந்தார். பிற்காலத்திலே இலங்கை முழுவதும் அம்மைப்பால் கட்டும் முறையைப் பரப்பிப் புகழ்பெற்றவர் இவரே. அவர் பெரிபெரி நோயாளரைப் பார்த்து எழுதிய குறிப்புகள், வில்லியம் ஹண்டர் என்னும் வைத்தியர் இலஸ்கார் மாலுமிகளின் நோய்களைப் பற்றி 1804இல் கல்கத்தாவிலே வெளியிட்ட நூலில் இடம்பெற்றன. அக்குறிப்புகளிலே ஒரு செய்தி இன்றும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பெண் ஒருத்தியிடமோ, படை அதிகாரி ஒருவரிடமோ, இருபது வயதுக்குக் குறைந்த இளைஞன் ஒருவனிடமோ இந்நோயைத் தாம் கண்டதில்லை என்று கிறிஸ்டி சொல்கிறார்.

ஒரே கோட்டை, ஒரே காற்று, ஒரே கிணற்று நீர். சாதாரணச் சிப்பாய் சாகிறான், அதிகாரி சாகவில்லை. வேறுபாடு எங்கே? கலத்திலே. அதிகாரியின் மேசையிலே பலவகைக் கறியும் பழமும் இருந்தன. சிப்பாய்க்கு நாள்தோறும் சாராயம் படியளக்கப்பட்டது. அதற்கு மேலும் அவன் வாங்கிக் குடித்தான். மது உடலுக்கு வேண்டிய ஓர் உயிர்ச்சத்தைக் குடல் ஏற்காதபடி தடுக்கும் என்பதை இன்று அறிவோம். அன்று அறிந்தார் இல்லை. நச்சுக் காற்று என்றனர், ஈரம் என்றனர். கப்டன் றொபேட் பேர்சிவல் என்னும் படை அதிகாரி 1803இல் வெளியிட்ட தமது இலங்கை நூலிலே எளிய உணவும் கெட்ட நீரும் காரணம் என்று எழுதினார். அவர் வைத்தியர் அல்லர். ஆயினும் உணவு என்னும் சொல்லை அவர் சொன்னது கவனிக்கத்தக்கது. அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு யாரேனும் மேலும் ஓரடி வைத்திருப்பின் எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கும். எவரும் வைக்கவில்லை. தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன.

விடை மலாய் மொழி வழங்கும் தீவுகளிலிருந்தே வந்தது. ஜாவாவிலே ஒல்லாந்த வைத்தியர் கிறிஸ்தியான் ஐக்மன், தாம் வளர்த்த கோழிகளும் பெரிபெரி போன்ற நோயால் கால் மடிந்து விழுவதை 1890ஆம் ஆண்டளவிலே கண்டார். படை வைத்தியசாலையின் சமையலறையில் மீந்த தீட்டிய வெள்ளைச் சோற்றை அவை தின்று வந்தன. சமையற்காரன் மாறினான், புதியவன் படைவீரனின் சோற்றைக் கோழிக்குக் கொடுக்க மறுத்தான், தீட்டாத அரிசி போடப்பட்டது, கோழிகள் எழுந்து நடந்தன. ஒரு சமையற்காரனின் சிக்கனத்தால் உலக மருத்துவம் திரும்பிய வரலாறு இது. ஐக்மனுக்கு 1929இல் நோபெல் பரிசு கிடைத்தது. சமையற்காரனின் பெயரைக் கேட்பார் இல்லை.

அரிசியின் தவிட்டிலே ஏதோ ஒன்று உண்டு என்பது தெரிந்தது. ஐக்மன் அதனை அரிசி மாவிலுள்ள நஞ்சுக்கு மாற்று மருந்து என்று கருதினார். அவருக்குப் பின் வந்த கெரிட் கிறைன்ஸ் 1901இல் வேறு விதமாகச் சொன்னார்: நஞ்சு எதுவும் இல்லை, உடலுக்கு இன்றியமையாத ஒரு பொருள் குறைகின்றது, அப்பொருள் தவிட்டிலும் உண்டு, காச்சாங் ஈஜோவிலும் உண்டு. அடுத்த ஆண்டிலே ஹுல்ஷொப் பொல் என்னும் வைத்தியர், பைத்தென்சோர்க் நகரத்து மனநோய் விடுதியிலே தாம் செய்த சோதனையை வெளியிட்டார். சில கட்டடங்களில் இருந்தோருக்கு நாள்தோறும் காச்சாங் ஈஜோ கொடுத்தார். சில கட்டடங்களைக் கிருமிநாசினி இட்டுக் கழுவினார். சிலவற்றை இருந்தபடியே விட்டார். பயறு உண்டவர்களிடையே பெரிபெரி புதிதாகத் தோன்றவில்லை. கழுவிய கட்டடங்களில் நோய் முன்போலவே இருந்தது. காற்றுமன்று, ஈரமுமன்று, கிருமியுமன்று. பயறில்லாத சோறுதான் பகை.

தமிழர்க்கு இதிலே ஒரு தனிச் செய்தி உண்டு. அக்காலத்து மலாயாவிலே சீனத் தொழிலாளர் பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அருகிலே உழைத்த தமிழர்களிடம் அந்நோய் அரிதாயிருந்தது. தமிழர் புழுங்கல் அரிசி உண்டதே காரணம். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியினுள்ளே இறங்கிவிடுகிறது. பின்பு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. வில்லியம் பிளெற்சர் என்னும் வைத்தியர் கோலாலம்பூர் மனநோய் விடுதியிலே ஒரு பகுதியினருக்குப் பச்சை அரிசியும் மற்றப் பகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்து, முடிவை 1907இல் வெளியிட்டார். பச்சை அரிசி உண்டோரில் 18 பேர் இறந்தனர்; புழுங்கல் உண்டோரில் எவரும் இறக்கவில்லை. இத்தகைய சோதனையை இன்று எந்த நாடும் பொறுக்காது. நம் பாட்டிமார் நெல் அவித்த பானையிலே ஒரு மருந்துச்சாலை இருந்தது என்பதை அது காட்டிற்று; ஆனால் அந்தப் பதினெட்டுப் பேரும் அறிவியலுக்காகத் தம் உயிரைத் தாமே கொடுத்தவர்கள் அல்லர்.

அந்தச் சத்தை 1926இல் பத்தாவியாவிலே ஜான்சன், தோனாத் என்னும் இருவர் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். அதற்குத் தயமின் என்று இன்று பெயர். விற்றமின் பி ஒன்று என்றும் சொல்வோம். பயற்றினங்களிலெல்லாம் அது உண்டு. மண்ணிலே விளையும் காச்சாங்கிலோ சிறப்பாக உண்டு. 100 கிராம் பச்சைக் கச்சானிலே ஏறக்குறைய 0.6 மில்லிகிராம் தயமின் இருக்கிறது. வளர்ந்த ஆண் ஒருவனுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1.2 மில்லிகிராம். பருப்பை மூடியிருக்கும் செந்நிறத் தோலிலும் அச்சத்து மிகுதி. நாமோ அத்தோலை ஊதித் தள்ளிவிட்டு உண்கிறோம்.

ஆனால் இங்கே மிகைபடக் கூறலாகாது. கச்சானை வறுக்கும்போது தயமினில் பெரும்பகுதி வெப்பத்தால் அழிந்துவிடும். அவித்த கச்சானிலே அழிவு குறைவு. மாலையில் ஒரு சரை வறுத்த கச்சானைக் கொறித்தால் பெரிபெரி அணுகாது என்று எவரேனும் சொன்னால் அதனை நம்ப வேண்டியதில்லை. நியாசின் என்னும் மற்றொரு விற்றமின் வெப்பத்துக்கு அஞ்சாது. 100 கிராமிலே 12 மில்லிகிராம் அளவுக்கு அது உண்டு. சோளத்தையே உணவாகக் கொண்ட ஏழை மக்களைப் பிடிக்கும் பெலாக்ரா நோய்க்கு அதுவே மருந்து. புரதம் 26 கிராம். கொழுப்பு 49 கிராம். அக்கொழுப்பிலே பெரும்பங்கு இதயத்துக்கு ஊறு செய்யாத வகை. இறைச்சி வாங்க இயலாத குடும்பத்துக்கு இதைவிட மலிவான சத்துணவு அரிது.

இந்த மலிவே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அறிஞர் பலரைக் கவர்ந்தது. நீலகிரியின் குன்னூரிலிருந்த உணவு ஆராய்ச்சிக் கூடத்திலே டபிள்யு. ஆர். ஐக்ரோயிட் இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளை அளந்து 1937இல் அட்டவணை வெளியிட்டார். மைசூரிலே மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராயிருந்த வி. சுப்பிரமணியன் காலத்தில் பல்நோக்கு உணவு என்று ஒரு மா உருவாக்கப்பட்டது. எண்ணெய் பிழிந்த பின் எஞ்சிய நிலக்கடலை மா 75 பங்கு, கொண்டைக்கடலை மா 25 பங்கு. நிலக்கடலைப் புரதத்திலே இலைசீன் என்னும் கூறு குறைவு. அக்குறையைக் கொண்டைக்கடலை ஓரளவு ஈடுசெய்யும். வயிறு முன்தள்ளி, தலைமயிர் நிறம் மாறி, கால் வீங்கி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும் குழந்தைகளைக் காப்பாற்ற நிலக்கடலை மாவே வழி என்று பல நாடுகளிலும் நம்பிக்கை பிறந்தது. திருகோணமலைக் கோட்டையிலே சிப்பாய்களைக் கொன்ற உணவுக் குறைக்கு இனிமேல் இடமில்லை என்று எண்ணத்தக்க காலம் அது.

அந்த நம்பிக்கையின் மீது 1960ஆம் ஆண்டிலே ஓர் அடி விழுந்தது. இங்கிலாந்திலே வான்கோழிப் பண்ணைகளில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் மடிந்தன. காரணம் தெரியாமையால் வான்கோழி எக்ஸ் நோய் என்று பெயரிட்டனர். தொற்றுநோய்க் கிருமியைத் தேடினர், கிடைக்கவில்லை. இறந்தவற்றின் ஈரலே சிதைந்திருந்தது. எல்லாப் பண்ணைகளுக்கும் பொதுவாயிருந்தது தீவனம். அத்தீவனத்திலே பிரேசில் நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு இருந்தது. அந்தக் கப்பலின் பெயர் ரொசெட்டி. ஆராய்ச்சியாளர் அந்தப் பிண்ணாக்கையே ரொசெட்டி மா என்று குறிப்பிடலாயினர். துறைமுகங்களின் வழியாக உலகெங்கும் சென்ற கடலை, துறைமுகத்தின் வழியாகவே நஞ்சையும் சுமந்து வந்தது.

நஞ்சு கடலையில் பிறந்ததன்று. ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் மஞ்சட்பச்சைப் பூஞ்சணம் ஈரமான கடலையிலே படர்ந்து அதனைச் சுரக்கிறது. பூஞ்சணத்தின் பெயர் எழுத்துகளையே கோத்து அதற்கு அஃப்ளடொக்சின் என்று பெயரிட்டனர். புறஊதா ஒளியிலே வைத்தால் அதன் ஒரு வகை நீலமாகவும் மற்றொரு வகை பச்சையாகவும் மிளிரும். அழகான ஒளிதான், ஆயினும் மனிதன் அறிந்த ஈரற் புற்றுநோய்க் காரணிகளிலே மிகக் கொடியவற்றுள் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு இதனை ஐயத்துக்கு இடமில்லாத முதற்றரக் காரணிகளின் வரிசையில் வைத்துள்ளது. ஹெப்பற்றைற்றிஸ் பி என்னும் ஈரல் அழற்சிக் கிருமி உடலில் உள்ளவர்க்கு ஆபத்து மடங்கு மடங்காகப் பெருகும். சாதாரணமாக வறுக்கும் வெப்பத்திலே இந்நஞ்சு முழுவதும் அழியாது என்பதே மிகப் பெரிய தொல்லை. தயமின் அழியும்; நஞ்சு நிற்கும்!

வான்கோழிகளோடு செய்தி நின்றுவிடவில்லை. சத்துக் குறைவால் நலிந்த குழந்தைகளுக்கு உலகெங்கும் கொடுக்கப்பட்டு வந்த அதே நிலக்கடலை மாவை ஆராய்ச்சியாளர் இப்போது அச்சத்தோடு பார்த்தனர். ஐக்கிய நாடுகளின் புரத ஆலோசனைக் குழு 1966இல் ஒரு கிலோகிராம் மாவிலே 30 மைக்ரோகிராமுக்கு மேல் இந்நஞ்சு இருத்தல் ஆகாது என்று வரம்பு கட்டிற்று. ஆயினும் மைசூரிலே, புரதக் குறைவால் நலிந்த குழந்தைகள் சிலர் நஞ்சு கலந்தது என்று அறியப்படாத நிலக்கடலை மாவை உண்டு ஈரல் இறுகும் நோய்க்கு உள்ளான செய்தி 1971இல் வெளியிடப்பட்டது. மருந்து என்று ஊட்டிய கரங்களுக்கு இதைவிடத் துயரம் வேறென்ன இருக்கும்? அவ்வைத்தியர்கள் அதனை மறைக்காமல் எழுதி வைத்தனர். அதனாலேயே பிற நாட்டுக் குழந்தைகள் பல தப்பின என்பது என் எண்ணம்.

இப்பொழுது திருகோணமலை மாவட்டத்தின் வயல்வெளிக்குத் திரும்புவோம். அங்கே மணற்பாங்கான மேட்டு நிலங்களிலே கச்சான் பயிராகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு விதைத்தால் மாசி அளவில் பிடுங்கலாம். இது பெரும்போகம். நீர் இறைக்கும் வசதி உள்ளோர் சித்திரையில் விதைத்து ஆடி, ஆவணியில் பிடுங்குவர். இது சிறுபோகம். வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழை சில ஆண்டுகளில் தை கடந்தும் விடுவதில்லை. அந்த ஈரத்திலே பிடுங்கிய கச்சான், மண் ஒட்டிய கோதோடு குவியலாகக் கிடக்குமாயின் இரண்டொரு நாளிலேயே பூஞ்சணம் உள்ளே புகும். பூஞ்சணம் மண்ணிலேயே வாழ்வது. காயும் மண்ணிலேயே முற்றுவது. இருவரும் அயலவர். மேலே காய்க்கும் உளுந்துக்கும் பயற்றுக்கும் இந்த அயல் இத்தனை நெருக்கமாக இல்லை.

சிறுபோகக் கச்சானுக்கோ மற்றக் கச்சான் துணைசெய்கிறது. உதட்டை வெடிக்கச் செய்து, கண்ணிலே மணலை இறைத்து, மக்களை வீட்டுக்குள் அடைக்கும் அந்த மேல்காற்று, பாயிலே பரப்பிய காயை மூன்று நான்கு நாட்களில் உலர்த்திவிடும். கோதோடு உள்ள காயிலே ஈரம் நூற்றுக்கு ஒன்பது பங்குக்கும், உடைத்த பருப்பிலே ஏழு பங்குக்கும் கீழே இறங்கினால் பூஞ்சணம் வளராது. ஆயினும் அக்காற்றையும் முற்ற நம்பிவிடலாகாது. காய் முற்றும் இறுதி வாரங்களிலே நீரின்றி நிலம் வறண்டால் கோது நுண்ணியதாய் வெடிக்கும். வாடிய காயின் எதிர்ப்பாற்றலும் குன்றும். அப்பொழுது பிடுங்குவதற்கு முன்பே நஞ்சு உள்ளே சேர்ந்துவிடும். ஆகையால் காய் முற்றும்வரை நீர், முற்றிய பின் வெயில் என்பதே உழவர்க்கு உரிய கணக்கு.

வாங்கி உண்பவர்க்கும் ஒரு கணக்கு உண்டு. நஞ்சு எல்லாக் கடலையிலும் பரந்து கிடப்பதில்லை. ஒரு சாக்கிலே சில பருப்புகளிலேயே அது திரண்டிருக்கும். அப்பருப்புகள் பெரும்பாலும் தம்மைத் தாமே காட்டிக் கொடுக்கும். சுருங்கியிருக்கும், கறுத்திருக்கும், வாயிலிட்டால் கசக்கும். சுளகிலே பரப்பி அத்தகையவற்றைப் பொறுக்கி எறியும் நம் பெண்களின் பழக்கம், பெரிய ஆலைகளிலே ஒளிக்கருவி கொண்டு செய்யப்படும் அதே வேலை. கசந்த பருப்பை நாகரிகம் கருதி விழுங்குதல் ஆகாது, துப்பிவிடுவதே நலம். எறிய வேண்டியதைக் கோழிக்கும் மாட்டுக்கும் இடுவதும் தவறு. கோழியின் ஈரலும் ஈரல்தான். பசு தின்ற நஞ்சிலே ஒரு பகுதி உருமாறிப் பாலிலே திரும்ப வரும். பொறுக்கிய சொத்தைகளை எண்ணெய்க்கு அனுப்புவோரும் உளர். ஆலையிலே காரமிட்டுச் சுத்திகரித்த எண்ணெயில் நஞ்சு நீங்கும். செக்கிலே ஆட்டி அப்படியே எடுக்கும் எண்ணெயில் தங்கும். செக்கெண்ணெய் எதுவாயினும் தூயது என்று நம்புவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

மற்றத் தீமைகளைச் சுருங்கச் சொல்லலாம். 100 கிராம் கச்சான் 567 கலோரி வெப்பம் தரும். ஆகையால் உணவுக்குப் பதிலாக உண்டால் நன்று, உணவுக்கு மேலே உண்டால் உடல் பெருக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுப் பருப்பைக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் அடைக்கும் ஆபத்து உண்டு; அரைத்தோ மசித்தோ கொடுக்கலாம். உப்பும் சீனியும் சேர்த்த கச்சானையும் கச்சான் அல்வாவையும் விழா நாளுக்கு உரியவை என்று வைத்துக்கொண்டால் போதும். அமெரிக்காவிலே 86,016 தாதியரைப் பதினான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வொன்று, நிலக்கடலை உட்பட்ட கொட்டை வகைகளை வாரத்திலே 140 கிராமுக்கு மேல் உண்டவர்களிடம் இதயக் குழாய் நோய் 35 விழுக்காடு குறைவாயிருந்தது என்று காட்டியது. உண்டதனாலேயே குறைந்தது என்று அத்தகைய ஆய்வு அறுதியிடாது. எனினும் அதன் பின்னர் வந்த பல ஆய்வுகளும் அதே திசையையே சுட்டின.

ஒவ்வாமை என்னும் தீமை மேலைநாடுகளிலே பெரிதாகப் பேசப்படுகிறது. சிலருக்கு ஒரு பருப்பே உயிருக்கு உலை வைக்கும். உதடு வீங்கி மூச்சு அடைத்தால் கணமும் தாழ்த்தாது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். இவ்வச்சத்தால் குழந்தைகளுக்கு நிலக்கடலையே காட்டாமல் வளர்க்கும்படி அந்நாட்டு வைத்தியர்கள் பல ஆண்டுகள் அறிவுறுத்தினர். லண்டனிலே ஒவ்வாமைக்கு எளிதில் ஆளாகத்தக்க 640 கைக்குழந்தைகளைக் கொண்டு செய்து 2015இல் வெளியிட்ட சோதனை அந்த அறிவுரையைத் தலைகீழாக்கிற்று. கடலை உணவே கொடாது வளர்த்தவர்களில் நூற்றுக்கு 17 பேர் ஐந்து வயதிலே ஒவ்வாமை உடையராயினர்; கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கி உண்டு வந்தவர்களில் நூற்றுக்கு மூவரே அங்ஙனம் ஆயினர். கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கு மட்டும் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குவது நன்று.

கச்சான் நன்கு உலர்ந்ததா என்று அறிய உழவர்கள் கருவி எதுவும் வைத்திருப்பதில்லை. ஒரு கைப்பிடி காயை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்குவர். ஈரம் உள்ள காயிலே பருப்புக் கோதை ஒட்டிக் கிடக்கும், ஓசை எழாது. உலர்ந்த காயிலே பருப்பு விலகிக் கலகலவென ஒலிக்கும். சந்தையிலே கோதோடு வாங்கும் நேயர்களும் அவ்வாறே குலுக்கிப் பார்க்கலாம்; விற்பவர் கோபிக்கமாட்டார்.